நாலு பேர், இருநூற்று எழுபத்திரண்டு கிலோ

லிஃப்ட்காரருக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது கூட ஒரு கால்தான் மடங்கியிருக்கும், இன்னொரு கால் எழுந்து ஓடத் தயாராக ஊன்றியிருக்கும். டீ குடிப்பது நின்றுகொண்டு. பேப்பர் படிப்பது வாசற்படியில், செருப்புப் போட்டபடி. ஒருநாள் அவர் மனைவி சொன்னாள், "கல்யாணத்தன்னிக்கே நீங்க பாதி எழுந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தீங்க. போட்டோவுல பாருங்க." எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

காரணம் சட்டைப்பையில் இருந்தது. ஒரு பழைய பட்டன் போன். அவர் பழுதுபார்க்கிற நாற்பத்து மூன்று லிஃப்டுகளும் அந்த போனுக்குள் தொங்கிக்கொண்டிருந்தன என்று சொன்னால் தப்பில்லை.

லிஃப்ட் கம்பெனியின் நம்பர் என்று ஒன்று எல்லா லிஃப்டிலும் ஒட்டித்தான் இருக்கும். அதைக் கூப்பிட்டால் முதலில் பாட்டு வரும். அப்புறம் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் சாவகாசமாகச் சொல்வாள். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு அதற்குள் உயிர் போய் உயிர் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அப்படி மாட்டிக்கொண்டார். மூச்சுக்கோளாறு உள்ளவர். இவர் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்க இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகிவிட்டது. அந்தம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டவில்லை. "நீங்க லேட்டா வந்ததுகூடப் பரவாயில்ல. யாராவது பேசிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார்.

மறுநாளே ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கினார். நாற்பத்து மூன்று லிஃப்டிலும் கம்பெனி நம்பருக்குக் கீழே தன் சொந்த நம்பரை எழுதினார். ஏழு என்பதை ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதென்று குறுக்கே ஒரு கோடு வேறு. கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை அழிக்கச் சொன்னார்கள். தலையாட்டி வைத்தார், அழிக்கவில்லை.

அன்றிலிருந்து போன் அடித்தால் அவர் சொல்வது ஒரே பாட்டுதான். "நான் இங்கதான் இருக்கேன். கதவை இழுக்காதீங்க. எழுந்து நிக்காதீங்க, கீழ உட்காருங்க. உள்ள காத்து வரும். நான் இருக்கேன்." இதைச் சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டுவார், செருப்பில் காலை நுழைப்பார், படியிறங்குவார். நேரில் பார்த்தால் சிடுமூஞ்சி. போனில் அந்தக் குரலைக் கேட்டால் யாரோ தாலாட்டுகிறவர் என்று தோன்றும். "எங்ககிட்ட ஒருநாளாவது இந்தக் குரல்ல பேசியிருக்காரா? நாமளும் லிஃப்டுல போய் மாட்டிக்கணும் போல" என்று மகள் கேலி செய்வாள்.

அந்தக் குரலால் வீட்டில் போனது பல. கொழுந்தியாள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் காணாமல் போனார். மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடை ஏறும்போது இவர் நாற்காலி காலி. மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு மேலே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சண்டை போட்டுப் போட்டு அவளுக்கும் வாய் வலித்துவிட்டது.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று முனையைப் பிடித்து, சேர்த்து, மடித்து, அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. வீட்டுக்கு வந்தும் அவள் கை சும்மா இருக்காது. மேஜைமேல் கிடக்கும் பேப்பரைக் கூட நாலாக மடித்து வைப்பாள். கூட வேலை செய்கிறவள் போனில் ஒருநாள் ஒரு படம் காட்டினாள். தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற கடற்கரை. கடை இல்லை, குடை இல்லை, ஆள் இல்லை. மணல், தண்ணீர், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னாள், "மடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத இடம் ஒண்ணு இருக்குங்க. ஒருநாள் போயிட்டு வரலாம்."

லிஃப்ட்காரர் "ம்" என்றார். அந்த "ம்" எத்தனை வருஷமானாலும் கெட்டுப்போகாத சரக்கு. மனைவிக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் விடவில்லை. விசாரித்துக்கொண்டு வந்தாள். அது பாதுகாக்கப்பட்ட இடம், சும்மா போய் இறங்க முடியாது. முன்கூட்டியே அனுமதி எழுதிக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர்தான். கழிமுகத்தைப் படகில் தாண்ட வேண்டும். காலை எட்டரைக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் திரும்பப் படகு. ஆமைகள் முட்டையிட வரும் என்பதால் அடுத்த மாதத்திலிருந்து ஐந்து மாதம் கரையை மூடிவிடுவார்கள்.

விண்ணப்பத்தை எழுதுகிற வேலையை லிஃப்ட்காரரே எடுத்துக்கொண்டார். மகளுக்குப் பரீட்சை. மனைவியிடம் விட்டால் தான் நழுவுவதாக நினைப்பாள். ஒரு வங்கிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில், மின்பெட்டிமேல் தாளை வைத்து எழுதினார். தான், மனைவி, மகள், மச்சான். நாலு பேர். பெயர், வயது, உறவு. கடைசிக் கட்டத்தில் எடை கேட்டிருந்தது. கை நிற்கவே இல்லை. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. மொத்தம் இருநூற்று எழுபத்திரண்டு.

லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாலு பேர், இருநூற்று எழுபத்திரண்டு கிலோ. ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ. தொழிலில் ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ, கதை முடிந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும் அதைத்தான் எழுதுகிறார். அவர் கணக்கில் குண்டனும் கிடையாது, ஒல்லியும் கிடையாது. எழுதிய கையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். தப்பு செய்த நினைப்பே இல்லை.

அனுமதிச் சீட்டு வந்தது. கிடைத்த தேதி, கரையை மூடுவதற்கு முந்தின நாள். அதுதான் கடைசி நாள்.

மனைவி சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள், "இந்தத் தடவை நீங்க வரலேன்னா நான் சண்டை போட மாட்டேன்."

"வர்றேன்னுதானே சொல்றேன்."

"முழுசாக் கேளுங்க. சண்டை போட மாட்டேன். ஆனா இனிமே எங்கேயும் உங்களைக் கூப்பிடவும் மாட்டேன். நானும் இவளும் போய்க்குவோம். நீங்க உங்க லிஃப்டுகளோட இருங்க."

அவள் கத்தியிருந்தால் லிஃப்ட்காரர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் விரிப்பை மடித்து அடுக்குகிற மாதிரி அந்தப் பேச்சை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். 

அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு லிஃப்ட் நிற்கிறதென்றால் பெரும்பாலும் பெரிய கோளாறாக இருக்காது. கதவு ஓடுகிற காடியில் ஒரு சின்னக் கல், ஒரு பாட்டில் மூடி, ஒரு குழந்தையின் பென்சில். அதுபோதும், கதவு சரியாக மூடாது, லிஃப்ட் நகராது. எனவே நாற்பத்து மூன்று லிஃப்டின் காடியையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். முப்பத்தொன்பதை முடித்ததும் முதலில் தேய்த்ததில் மறுபடி மண் விழுந்திருக்குமே என்று நினைப்பு வந்தது. திரும்பப் போனார். விழுந்திருந்தது. கட்டடக் காவலர்கள் சிரித்தார்கள். "என்ன சார், லிஃப்டுக்குப் பல் விளக்கி விடறீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். "உன் வேலையைப் பாரு" என்றார் லிஃப்ட்காரர்.

சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் பயணத் திட்டம் எழுதினார். ஐந்து நாற்பது, புறப்பாடு. ஆறு மணி, முதல் பஸ். எட்டு மணி, படகுத்துறை. எட்டரை, படகு. அதோடு நின்றது பேனா. கரையில் இறங்கின பிறகு என்ன எழுதுவது? எட்டு மணி நேரம் அங்கே என்ன செய்வார்கள்? அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடித்து, மறுபடி போட்டார்.

பூங்கா அலுவலகத்துக்கு போன் போட்டு ரகசியமாக ஒன்று கேட்டார். "அங்க சிக்னல் கிடைக்குமா?"

"கழிமுகம் தாண்டினா எதுவும் கிடைக்காதுங்க. அதுக்காகத்தான் பாதிப் பேர் வர்றாங்க" என்றது அந்தப் பக்கம்.

இதை வீட்டில் சொல்லவில்லை. கம்பெனியில் அன்றைக்கு வேறொரு மெக்கானிக் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் நல்ல வேலைக்காரர், அதில் குறையில்லை. ஆனால் சுவரில் இருக்கிற மார்க்கர் நம்பர் அவருக்குப் போகாது. கம்பெனிக்குத் திருப்பிவிட்டால் பாட்டுதான் பாடும். யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யாரிடம் கொடுப்பது? யாருக்கு அந்தப் பேச்சு வரும்? அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், படுக்கும்போதெல்லாம் ஒரு ஆசை வந்து உட்கார்ந்தது. அந்த நாளன்று விடிகாலையில், படகு ஏறுவதற்கு முன்னால், எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிட்டால் தேவலை. தான் இப்படி ஆசைப்படுகிறோம் என்பது அவருக்கே பிடிக்கவில்லை. புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் அதே ஆசை.

முந்தின நாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. தையல்காரன். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து மலைபோல ஆகியிருந்தான். பிளாஸ்டிக் பை அனுமதி இல்லை என்பதால் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற துணியில் நாலு பை தைத்துக் கொண்டுவந்திருந்தான். தனக்கென்று ஒரு பெரிய தொப்பியும் தைத்திருந்தான். உள்ளே பட்டு மாதிரி வழுவழுப்பு.

"கல்யாண மாப்பிள்ளைக் கோட்டுத் துணி. கடலுக்குக் கொஞ்சம் மரியாதை வேணாமா?" என்றான்.

"அதுக்குள்ள ஒரு குடும்பம் குடியிருக்கலாம்டா" என்றாள் அக்கா.

"என் தலை பெருசுக்கா. உள்ள சரக்கு அப்படி." சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த லிஃப்ட்காரரின் வயிற்றைச் சுற்றி நாடாவை வீசிப் பிடித்தான். "மாமா, போன தடவைக்கு ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு. ஓடிக்கிட்டே இருக்கற ஆளுக்கு எங்கேருந்து இது?"

"எடுடா நாடாவை" என்றார் லிஃப்ட்காரர். அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

மறுநாள் பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் சட்டைப்பையின்மேல் கையை வைத்தபடியே வந்தார். போன் அடிக்கவில்லை. அடிக்காதது அடிப்பதைவிட மோசமாக இருந்தது. மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. படகு ஏறும்வரை எதையும் நம்புவதில்லை என்கிற முகம்.

படகுத்துறையில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பலகைத் தராசு, பக்கத்தில் சீருடை போட்ட ஒரு வனக்காவலர் அம்மா. கையில் இவர்களுடைய விண்ணப்பம்.

"நாலு பேருக்கும் அறுபத்தெட்டா?" என்று கேட்டு, தாளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "ஒவ்வொருத்தரா ஏறுங்க."

மகள் ஐம்பத்தேழு. மனைவி எழுபத்தொன்று. லிஃப்ட்காரர் எண்பத்தெட்டு. மச்சான் ஏறியதும் தராசு ஒரு முனகல் முனகிவிட்டு நூற்று ஆறு என்றது.

"முன்னூத்தி இருபத்திரெண்டு. சின்னப் படகு முன்னூறுதான் தாங்கும். அதுக்கு மேல போனா அடிப்பாகம் தாழ்ந்து கடற்புல்லை அறுத்துக்கிட்டுப் போகும். அந்தப் புல்லைக் காப்பாத்தத்தான் நாங்க இங்க உட்கார்ந்திருக்கோம். நிஜ எடையை எழுதியிருந்தா பெரிய படகு குடுத்திருப்போம். இன்னிக்கு அது நிறைஞ்சிடுச்சு." அந்தம்மா தாளை மடித்தார். "ஒருத்தர் நின்னுக்கணும்."

"அறுபத்தெட்டுன்னு ஏங்க எழுதினீங்க?" மனைவியின் குரல் மெதுவாக வந்தது.

"ஒரு ஆளுன்னா அறுபத்தெட்டுதான்" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப்போனது.

அடுத்தது அதைவிட மோசம். "அப்ப நான் நின்னுக்கறேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றார். வார்த்தை அவ்வளவு வேகமாக வந்து விழுந்தது. பதினைந்து நாளாக வாய்க்குள் காத்திருந்த மாதிரி. தோள் இரண்டும் தானாக இறங்கின. அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. அதை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள்.

மகள்தான் பேசினாள். "உங்களுக்கு வசதியாப் போச்சு, இல்லப்பா?"

மனைவி துணிப்பையின் காதை நேராக இழுத்துவிட்டு, பையை நாலாக மடிக்க ஆரம்பித்தாள். உள்ளே தண்ணீர் பாட்டில் இருந்ததால் அது மடியவில்லை. மறுபடி மடித்தாள்.

அப்போது போன் அடித்தது.

லிஃப்ட்காரர் எடுத்தார். எடுத்ததும் ஆள் மாறிவிட்டார். "சொல்லுங்க. எந்தக் கட்டடம்? சரி. நான் இங்கதான் இருக்கேன். கதவை இழுக்காதீங்க. எழுந்து நிக்காதீங்க, கீழ உட்காருங்க. உள்ள காத்து வரும். கூட யார் இருக்கா? அப்பாவா? அவரையும் உட்காரச் சொல்லுங்க. நான் இருக்கேன்." பேசிக்கொண்டே மரத்தைச் சுற்றி நடந்தார். மூன்று நிமிஷம் போனது. கரண்ட் போனால் லிஃப்டை நகர்த்துகிற பேட்டரி தன் வேலையைச் செய்தது, பெட்டி மெல்ல இறங்கிப் பக்கத்து மாடியில் கதவைத் திறந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நன்றி சொன்னார்கள். கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார். அவ்வளவுதான் வேலை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மச்சான் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, இப்ப நீ என்ன செஞ்ச?"

"பார்த்தியே."

"ஸ்பேனர் எடுத்தியா? மாடி ஏறினியா? பேசின. அவ்வளவுதானே? அப்புறம் அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்ன." கையை நீட்டினான். "போனைக் குடு."

"உளறாத. உனக்கு என்ன தெரியும்?"

"உன்கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கேன். கதவை இழுக்காதீங்க, காத்து வரும், நான் இருக்கேன். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். நாள் பூரா ஆளுங்களை அசையாம நிக்க வெச்சுத்தான் நான் அளவெடுக்கறேன். எனக்குப் பேச வராதா?" அக்கா பக்கம் திரும்பினான். "நூத்தி ஆறு போனா இருநூத்திப் பதினாறு. படகு மிதக்கும். எனக்கும் வெயில் ஆகாது. இந்த மரத்தடி போதும். கடல் இங்கேருந்தே தெரியுது."

"தொப்பியெல்லாம் தைச்சியேடா" என்றாள் அக்கா.

"மாமா போடட்டும்." தொப்பியைக் கழற்றி லிஃப்ட்காரர் தலையில் வைத்தான். அது கண்வரை இறங்கி மூக்கில் நின்றது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

தொப்பிக்குள் இருட்டாக இருந்தது. லிஃப்ட்காரர் அந்த இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றார். டீச்சர் மூலையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. யாராவது பேசிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். நீங்கள்தான் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு வருஷமாக இது மட்டும் எப்படிக் காதில் விழாமல் போனது?

தொப்பியைத் தூக்கிவிட்டார். மனைவி இவரைப் பார்க்கவில்லை, படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து மச்சான் கையில் வைத்தார். வைத்தார் என்றால் விட்டுவிடவில்லை. இரண்டு பேர் கையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"முதல்ல எந்தக் கட்டடம்னு கேளு. அப்புறம் உட்காரச் சொல்லு. ஜோக் அடிக்காத."

"அடிக்க மாட்டேன்."

"இடுப்பளவு கேட்காத."

"கேட்க மாட்டேன் மாமா. கையை எடு."

எடுத்தார்.

படகு நகர்ந்தது. தண்ணீருக்கடியில் புல் பச்சையாகச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. லிஃப்ட்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. காலி. திரும்பி வந்தது. மறுபடி போனது. கரை ஒரு முழம் ஒரு முழமாகப் பின்வாங்கியது. மரத்தடியில் மச்சான் சின்னதாகத் தெரிந்தான். திடீரென்று அவன் போனைக் காதில் வைத்தான். இன்னொரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களா? இல்லை, சும்மா வீட்டுக்குப் பேசுகிறானா? கை ஏன் அப்படி ஆடுகிறது? சிரிக்கிறானோ? லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "ஏய், யாரது?" என்றான் படகோட்டி. படகைத் திருப்பு என்கிற வார்த்தை லிஃப்ட்காரரின் நாக்குவரை வந்து நின்றது.

மனைவி திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே, தாலாட்டுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னாள்.

"நான் இங்கதான் இருக்கேன். கதவை இழுக்காதீங்க. எழுந்து நிக்காதீங்க, கீழ உட்காருங்க. காத்து வரும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் நின்றவாக்கிலேயே கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு காலையும் மடித்து, படகின் அடிப்பலகையில், முழுசாக உட்கார்ந்தார்.

முட்டி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மனைவி தன் துணிப்பையை எடுத்து அந்த முட்டிமேல் வைத்தாள். இந்தத் தடவை அதை மடிக்கவில்லை.